இரண்டாம் பொட்டு

மேற்கே மலை முகிலைப் போர்த்துப் படுத்திருக்க, கிழக்கே பிறை என்னும் ஊர்த் துறையின் கரி படிந்த கூரைகள் நீருக்கு அப்பால் மங்கித் தோன்ற, இரண்டுக்கும் இடையில் கிடந்த கடற்கால், பகலெல்லாம் உழுது களைத்த எருமை சேற்றில் கிடப்பதுபோல் அசைவற்றுக் கிடந்தது. துறைமுகத்தின் முன்னே, குண்டதிர்ச்சியில் ஒரு பக்கம் சாய்ந்து நின்ற மணிக்கூண்டு மூன்றரை என்றது. தலைக்கு மேல் நின்ற ஞாயிறோ இரண்டு என்றது. நாட்டைப் பிடித்த யப்பானியர் தம் ஊர் நேரத்தையே பிடித்த ஊருக்கும் விதித்துவிட்டமையால், பினாங்கு மக்கள் ஒன்றரை மணி முன்னதாக எழுந்து, முன்னதாகப் பசித்து, முன்னதாகவே களைத்துப்போயினர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை அடுத்த தெருவிலே, ஒருகாலத்தில் சோற்று மணமும் குழம்பு மணமும் வழிப்போக்கரைக் கைப்பிடித்து இழுத்த கடைகளில், இப்போது அவித்த மரவள்ளிக்கிழங்கு மட்டும் வாழையிலையில் வீற்றிருந்தது. அரிசியைக் கண்ணால் கண்டவர் அதைப் பிறரிடம் சொல்லிக்கொள்ளாத காலம் அது.

தமிழறிந்த பெருந்தகையீர், அந்நகரின் டத்தோ கிராமாட் பகுதியிலே, பலகைச் சுவரும் ஓட்டுக் கூரையுமாய் நின்ற ஒரு வீட்டுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். வாயிலில் ‘மருத்துவர் பரமநாதன்’ என்று பொறித்த பித்தளைப் பலகை, துலக்குவாரின்றிப் பச்சை பூத்துத் தொங்கியது. உள்ளே, வெள்ளைச் சேலை உடுத்து, வெறும் நெற்றியும் வெறுங்கழுத்துமாய், நாற்பது அகவையைக் கடந்த ஒரு பெண்மணி மரவள்ளிக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கனகேசுவரி, அம்மருத்துவரின் கைம்பெண். அவளிடம் வியத்தகு அழகும் வீரமும் இருந்தன என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அவளிடம் நிறைய இருந்தது களைப்பு ஒன்றுதான்.

பத்தொன்பதாம் அகவையில் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி, கணவனின் முகத்தை நேர்நோக்கப் பழகுமுன்பே பிறைக்கு உட்புறத்து இரப்பர்த் தோட்டங்களின் நடுவே குடியேறியவள் அவள். மேட்டில் வெள்ளைத் துரைமாரின் மாளிகை. பள்ளத்தில் பால்மரம் சீவுவோரின் ‘லயம்’ எனப்படும் நீண்ட வரிசை வீடுகள். இரண்டுக்கும் நடுவில் மருத்துவர் வீடு. மேட்டுச் சீமாட்டிகள் அவளைத் தேநீருக்கு அழைத்ததில்லை. பள்ளத்துப் பெண்களோ அவள் வந்தால் எழுந்து நின்றார்களேயன்றி உடனமர்ந்ததில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. மக்கட்பேறும் வாய்க்கவில்லை. அவ்வாண்டுகளில் அவள் செய்ததெல்லாம், நீர்மருந்துப் புட்டிகளில் ஒட்டுதற்கென்று, ஒரு வேளைக்கு ஒரு பல்லாகத் தாள்நறுக்குகளை வெட்டியதே. எழுத்தறியாத நோயாளி, அந்தப் பல்லைப் பார்த்து மருந்தின் அளவை அறிந்துகொள்வான். எத்தனை ஆயிரம் நறுக்குகள் வெட்டியிருப்பாள் என்பதை அவளே அறியாள்.

மருத்துவர் நல்லவர், ஆயினும் அவருக்கு ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. ஐந்து தோட்டங்களை ஒருவரே சுற்றிவர இயலாமையால், ஞாயிறுதோறும் பகலுணவு கொண்டபின் நோய்ச்சான்றுத் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு, பெயரும் நோயும் நாளும் எழுதாத அவ்வெற்றுத் தாள்களின் அடியில் ஒப்பத்தை மட்டும் வரிசையாக இட்டு, முத்திரையும் குத்தி, தோட்டத்து மருந்தாளரிடம் கொடுத்துவிடுவார். காய்ச்சற்காரன் வந்தால் மருந்தாளரே அவன் பெயரை எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

“எழுதாத தாளிலை கையெழுத்து வைக்கிறியள். ஒரு நாளைக்கு இது உங்களைக் கவிழ்க்கப்போகுது” என்று அவள் கண்டிப்பாள்.

“நான் கவிண்டால் நீ இருக்கிறாய்தானே” என்று அவர் சிரிப்பார்.

ஒன்றரை ஆண்டுக்கு முந்திய மார்கழியில், வானூர்திகள் பினாங்கின் மீது குண்டு மாரி பொழிந்தபோது, மருத்துவர் தோட்டத்திலிருந்து வந்து, நகரில் தமக்கென்றிருந்த இந்த டத்தோ கிராமாட் வீட்டில் மனைவியோடு தங்கியிருந்தார். ஐந்து நாள் உறங்காது காயம்பட்டோருக்குக் கட்டுப்போட்டு, ஆறாம் நாள் வயிற்றுக்கடுப்பில் வீழ்ந்து, ஏழாம் நாள் இறந்தார். அன்று பினாங்கில் அரசென்று ஒன்று இல்லை. ஆங்கிலேயர் தம்மவரை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டனர்; யப்பானியர் இன்னும் வந்து சேரவில்லை. இடைப்பட்ட நாள்களில் கொள்ளையர் தெருத்தெருவாய் அலைந்தனர். அழுகுரல் எழுந்தால் ஆண் துணை போய்விட்ட வீடு என்று அறிந்து அவர்கள் புகுந்துவிடுவர் என அஞ்சி, மருத்துவரின் தமக்கையும் இளமையிலேயே கணவனை இழந்தவளுமான யோகம்மா, கனகேசுவரியின் பொட்டை அழித்த அதே கையால் அவள் வாயையும் பொத்தினாள். நால்வர் பாடையைத் தூக்கினர்; அவர்களுள் இருவர் அயலார், மற்ற இருவர் யாரென்றே அவள் அறியாள். பத்து லஞ்சாங் என்னும் இடத்துச் சுடலைக்கு அவர் ஓசையின்றிப் போனார்.

அந்தச் சாவைப் பதிய அலுவலகமும் இல்லை, எழுத்தரும் இல்லை. பின்வந்த அரசு, முன்னவர் விட்டுச்சென்ற ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தபோது, உயிரோடிருக்கும் மருத்துவர் வரிசையில் பரமநாதனும் ஏறிக்கொண்டார். ஊரறிந்த சாவை அரசு அறியவில்லை; அரசுகளுக்கு அது புதிதுமன்று.

நான் சொன்ன அந்தப் பிற்பகலில், வாயிலில் இருவர் வந்து நின்றனர். ஒருவர் தோட்டத்து மருந்தாளர் பழனியப்பன், மருத்துவரிடம் பதினெட்டு ஆண்டு பணிசெய்தவர். மற்றவள் பால்மரம் சீவும் வடிவம்மாள். விடியலில் புறப்பட்டுப் படகேறிக் கடற்காலைக் கடந்து வந்தவள். உட்காரச் சொன்னதும் அவள் உட்காராமல் அழத் தொடங்கினாள்.

“டாக்டரம்மா, சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் புடிக்கிறாங்கம்மா. போன மாசம் எங்க லயத்துல பதினஞ்சு பேரு போனாங்க. ஒருத்தரும் திரும்பல, ஒரு கடுதாசி வரல. நாளக்கழிச்சு எங்க வீட்டுக்காரரு கார்த்திகேசு பேரு இருக்கு. மூணு புள்ளைங்கம்மா.”

பழனியப்பன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “அம்மா, மருந்துக் கொட்டாயில அய்யா கையெழுத்துப் போட்ட சீட்டு ஒண்ணு கெடந்திச்சி. போன வாரம் ஒருத்தன் பேர எழுதி, காசம்னு போட்டுக் குடுத்துப் பார்த்தேன். ஆபீசுல பட்டியல்ல அய்யா பேரு இருந்திச்சி. ஆள விட்டுட்டாங்க. இங்க வேற சீட்டு ஏதும் இருக்காம்மா?”

கனகேசுவரி எழுந்து, ஒன்றரை ஆண்டாய்த் திறவாத மருந்து அலமாரியைத் திறந்தாள். அதன் மேல்தட்டில், அவசரத்தில் கழற்றப்பட்ட தன் தாலிக்கொடியை யோகம்மா போட்டு வைத்த தகரப் பேழை இருந்தது. அதன் அடியில் தாள்கள் இருந்தன. இருபத்து மூன்று. ஒவ்வொன்றின் அடியிலும், இடப்பக்கம் சாய்ந்து வாலை நீட்டிய அவர் கையொப்பம். அதைக் கண்டதும் அவளுக்கு முதலில் வந்தது அழுகை அன்று, சினம். “நான் கவிண்டால் நீ இருக்கிறாய்தானே” என்ற சொல்லை அவர் விளையாட்டாய்ச் சொல்லிப் போய்விட்டார். இப்போது அதைச் சுமப்பவள் அவள். அச்சமும் இருந்தது. கண்டுபிடிக்கப்பட்டால் தலை போகும். ஆயினும் வடிவம்மாளின் கால்களில் உப்புநீர் காய்ந்து வெளுத்திருந்ததைப் பார்த்த பிறகு அவளால் அலமாரியை மூட முடியவில்லை.

புட்டிகளின் பெயர்ச்சீட்டுகளைப் படித்துப் படித்து ஆங்கில நோய்ப்பெயர்களும் அவளுக்கு மனப்பாடம்; கணவரின் எழுத்தைப்போல் எழுதவும் வரும். கார்த்திகேசுவுக்குக் குடலிறக்கம் என்று எழுதி, அன்றைய நாளையிட்டுக் கொடுத்தாள். வடிவம்மாள் அத்தாளை இரவிக்கையுள் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள். மூன்றாம் நாள் அவன் விடுபட்டான்.

சித்திரை போய் ஆனி வருவதற்குள் பதினேழு தாள்கள் கடலைக் கடந்தன. ஒரே நோயைத் திரும்பத் திரும்ப எழுதாமல், ஒருவனுக்கு நெஞ்சுநோய், ஒருவனுக்குக் காசம், ஒருவனுக்கு ஈரல் வீக்கம் என்று அவள் பகிர்ந்தளித்தாள். நல்லது செய்தோம் என்னும் மகிழ்ச்சி அவளுக்கு இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. ஒருவனை விட்டால், எண்ணிக்கை குறையாதிருக்க இன்னொருவனைப் பிடித்தனர் என்பதைப் பழனியப்பன் மறைக்காமல் சொல்லியிருந்தார். குழந்தையுள்ளவனுக்குக் கொடுத்தால் குழந்தையில்லாதவன் போனான். அவனுக்கும் ஒரு தாய் இருந்தாள். யார் இருப்பது, யார் போவது என்று கிழங்குத்தோலின் நடுவே உட்கார்ந்து முடிவு செய்யும் வேலை, கடவுளுக்கே அலுப்பூட்டும் வேலை. அதை அவள் அலுப்போடுதான் செய்தாள்.

ஆனி மாதத்து மாலை ஒன்றில் பழனியப்பன் மூச்சிரைக்க வந்தார்.

“அம்மா, ஒரே கையெழுத்துல இத்தன சீட்டான்னு சந்தேகப்படுறாங்க. நாளைக்குக் காலையில ஒரு யப்பான்காரன் அய்யாவப் பாக்க இங்கயே வரான். அய்யா தோட்டத்துக்குப் போயிருக்காருன்னு சொல்லிப்புடலாம். ஆனா…” அவர் தரையைப் பார்த்தார். “அவனுக்கு வெள்ளச் சேலையும் ஒண்ணுதான், செவப்புச் சேலையும் ஒண்ணுதான். கூட வர மொழிபெயர்ப்பாளரு நம்மாளுங்கம்மா. உங்க நெத்தியப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.”

 அதற்குமேல் அவர் சொல்லத் தேவை இருக்கவில்லை. மருத்துவர் இறந்தவர் என்று தெரிந்தால் பதினேழு பேரும் பிடிபடுவர். தாளெழுதியவள் தலையும் தப்பாது. மருத்துவர் உயிரோடிருக்க வேண்டுமானால் அவர் மனைவி பொட்டோடிருக்க வேண்டும்.

கதவுக்கப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்த யோகம்மா, பழனியப்பன் போனதும் வெளியே வந்தாள்.

“கனகேசு, நான் அழிச்ச பொட்டை நீ திரும்ப வைக்கப்போறியோ? என்ர தம்பி செத்ததையே இல்லையெண்டு சொல்லப்போறியோ? நான் இருபத்தெட்டு வருசமா வெறும் நெத்தியோட இருக்கிறன். எனக்கு ஒருத்தரும் திருப்பித் தரேல்லை.”

“மச்சாள், பதினேழு பெண்சாதியள் இண்டைக்குப் பொட்டோட இருக்கினம். என்ர ஒரு நெத்தியைக் காப்பாத்த, அவையின்ர எல்லா நெத்தியையும் அழிக்கச் சொல்லுறியளோ?”

யோகம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கனகேசுவரியின் கையால் எதையும் உண்ணவில்லை. இருந்த கிழங்கு ஒன்று. அதையும் இரண்டாய் வெட்டி இரண்டு அடுப்பில் வேகவைத்தனர்.

மறுநாள் காலை கனகேசுவரி பேழையைத் திறந்து தாலிக்கொடியை எடுத்து அணிந்தாள். பெட்டியின் அடியில் பூச்சி அரித்துக் கிடந்த அரக்குச் சேலையை உடுத்தாள். வீட்டில் குங்குமம் இல்லை. மருத்துவர் இருமல் மருந்துக்கு நிறமூட்ட வைத்திருந்த செம்பொடியில் ஒரு விரல் தொட்டுக் கண்ணாடி முன் நின்றாள். பொட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. துடைத்துத் திரும்ப வைத்தாள். கண்ணாடியில் தெரிந்த பெண்ணை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அதுதான் அவளை அச்சுறுத்தியது. பிறகு பித்தளைப் பலகையைச் சாம்பலிட்டுத் துலக்கினாள். ஆண் வாழும் வீடென்று தோன்ற வேண்டுமே என்று, கணவரின் கறுப்புச் சப்பாத்துகளைத் தூசி தட்டி, எண்ணெய் தடவி, வாயிற்படி ஓரத்தில் இணைத்து வைத்தாள்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தனர். யப்பானிய அதிகாரி இளையவர். காய்ச்சலில் மஞ்சள் படிந்த முகமும், உறக்கம் காணாத கண்களுமாய், அவரும் களைத்தே இருந்தார். உடன் வந்த மொழிபெயர்ப்பாளர் திருநாவுக்கரசு, ஒருகாலத்தில் நில அலுவலகத்தில் எழுத்தராயிருந்த யாழ்ப்பாணத்தவர். அவர் படியேறியதும் அவள் நெற்றியைப் பார்த்தார். பார்த்தபின் பார்வையை எடுக்காமல் அப்படியே நின்றார். 

மருத்துவர் எங்கே என்ற வினாவை அவர் தமிழில் கேட்டார். தோட்டங்களுக்குப் போயிருக்கிறார் என்றாள். அதிகாரி அதைக் கேட்டுத் தலையசைத்தார். அசைத்தவர், குனிந்து, வாயிலோரத்துச் சப்பாத்துகளைக் கைநீட்டிக் காட்டினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வீட்டினுள் காலணியோடு புகாத மக்களிடையே, வாயிலில் சப்பாத்து இருந்தால் அதற்குரியவர் உள்ளே இருக்கிறார் என்பதே பொருள். யப்பானியர் வழக்கமும் அதுவே என்பதை அவள் எப்படி அறிவாள்! வெளியே போன மருத்துவரின் காலணி வாயிலில் என்ன செய்கிறது?

“டாக்டர் உள்ளுக்கை ஒளிச்சிருக்கிறாரோ எண்டு கேக்கிறார்” என்றார் திருநாவுக்கரசு.

கனகேசுவரி எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுச் சலிப்பு தானாகவே வாயிலிருந்து வந்தது. “எத்தினை தரம் சொன்னாலும் கேக்கிறாரே! நல்ல சப்பாத்தைத் துடைச்சு வாசலிலை வைச்சால், அதை விட்டிட்டு, அந்த ஓட்டைச் சப்பாத்தைத்தான் மாட்டிக்கொண்டு போறார். சேத்துக்கு அது போதுமாம்.”

அது பொய்யன்று. அவர் உயிரோடிருந்த ஒவ்வொரு காலையும் நடந்தது அதுவே. காலம் மட்டும் மாறியிருந்தது. சொல்லை விளங்காத அதிகாரிக்கும் அக்குரல் விளங்கிற்று. உலகெங்கும் மனைவியர் அந்தக் குரலில்தான் கணவரைக் குறை சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பைக் கேட்குமுன்பே அவர் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு வந்து போயிற்று. பின் அவர் நெடிதாக ஏதோ ஆணையிட்டார். திருநாவுக்கரசு அதை ஏற்று, அவள்பக்கம் திரும்பி, ஆணையை ஒப்பிக்கும் அதே வறண்ட குரலில், ஏற்ற இறக்கமின்றிச் சொல்லலானார்:

“அம்மா, கவனமாக் கேளுங்கோ, முகத்தை மாத்தாதேங்கோ. ஒரு மாதத்துக்குள்ள டாக்டர் ஆபீசுக்கு நேரிலை வரவேணும் எண்டு இவர் சொல்லுறார். அவர் வரமாட்டார். அண்டைக்கு இந்த வாசலாலை அவரைத் தூக்கின நாலு பேரிலை நான் ஒருத்தன். என்ர தோள் மறக்கேல்லை. மாதம் முடியமுன்னம், தோட்டத்திலை காய்ச்சல் கண்டு செத்திட்டார், அங்கையே எரிச்சாச்சு எண்டு எனக்கு அறிவியுங்கோ. பதியிறது என்ர பொறுப்பு. பதிஞ்சாப் பிறகு பழைய சீட்டுகளை ஒருத்தரும் கிளறமாட்டினம். அதுவரைக்கும் பொட்டை அழிக்காதேங்கோ. இவர் எந்த நேரமும் திரும்பி வருவார்.”

“ஓம்” என்றாள் அவள். அதிகாரி இலேசாகத் தலைதாழ்த்திவிட்டுப் போனார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நின்று, பிறகு சப்பாத்துகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஒரு மாதம் அவள் வாழ்வில் மிக நீண்ட மாதம். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? தெருக் குழாயடியில் நீர்பிடிக்கும் பெண்கள், ஒன்றரை ஆண்டு கைம்பெண்ணாயிருந்தவள் ஒருநாள் காலையில் அரக்குச் சேலையும் பொட்டுமாய் வெளிவரக் கண்டு, குடம் நிரம்பி வழிவதையும் மறந்து நின்றனர். புதிதாய் யாரையோ பிடித்துக்கொண்டாள் என்றாள் ஒருத்தி. யப்பான்காரன் வந்து போவதைக் கண்ணால் கண்டேன் என்றாள் இன்னொருத்தி. உண்மையைச் சொல்ல முடியாது. குழாயடியில் காலையில் சொன்னது மாலையில் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பட்ட காலிலேதானே படும். கோயிலுக்கு மட்டும் போகவில்லை. அங்கே அந்தப் பொட்டோடு நிற்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஊரார் அறியாத துன்பம் ஒன்றும் இருந்தது. பொட்டு நெற்றியில் இருக்க இருக்க, நெஞ்சு அதை நம்பத் தொடங்கிற்று. பிற்பகல் சாயும்போது, அவர் மிதிவண்டி மணியோசைக்குச் செவி தானாகவே கூர்ந்தது. கிழங்கை அவிக்கையில் இருவருக்கென்று கை எடுத்தது. ஒருநாள் தன்னையறியாமல் பழைய தாளொன்றை மடித்துப் பல்பல்லாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மகிழ்ந்தாள். அவ்வளவு வாட்டத்தின் நடுவிலும் அவள் மகிழ்ந்தாள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அவளோ அதை எண்ணி நாணினாள். சாவை அறிவிக்கும் நாளை அவள் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே வந்தாள்.

எஞ்சியிருந்த ஆறு தாள்களில் ஐந்து போயின. ஆறாவதை அவள் வேலவன் படத்தின் பின்னே செருகி வைத்தாள். மாதம் முடிந்து, ஏட்டிலும் அவர் இறந்தபின், அவர் கைபட்டதாய் அந்த ஒப்பம் ஒன்றேனும் தன்னிடம் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். இருபத்து மூன்றில் ஒன்றைத் தனக்கென்று கேட்பது பேராசை ஆகுமா? எனக்குத் தோன்றவில்லை.

ஆடி பிறந்து நான்காம் நாள் பழனியப்பன் வந்தார்; யாருக்காகவும் எதையும் கேட்கவில்லை. மருந்துக் கொட்டகைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இத உங்ககிட்டக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா. நாளைக்கு என் பேரு வந்திருக்கு.”

“உங்களுக்கு ஐம்பத்திரண்டு வயது! ஏன் சீட்டுக் கேக்கேல்லை?”

“ஒண்ணுதானம்மா பாக்கி. நீங்க சாமி படத்துக்குப் பின்னால வச்சத நான் பாத்தேன். அதக் கேக்க எனக்கு வாய் வரல.”

 கனகேசுவரி எழுந்து, படத்தின் பின்னிருந்து தாளை உருவினாள். ஒப்பத்தின் வாலை ஒருமுறை விரலால் தடவினாள். நோயின் பெயரை எழுதுமிடத்தில் ‘களைப்பு’ என்று எழுதவே கை ஓடிற்று. ‘நெஞ்சுநோய்’ என்று எழுதினாள். பழனியப்பன் அத்தாளை இருகையாலும் வாங்கிக்கொண்டு, சிறு பிள்ளைபோல் குலுங்கி அழுதார். அவருக்குப் பதிலாகப் போனவன் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன்.

“போற வழியிலை திருநாவுக்கரசரிட்டைச் சொல்லிவிடுங்கோ” என்றாள் அவள். “டாக்டர் செத்துப்போனார் எண்டு.”

மறுநாள் காலை, சாவை உறுதிசெய்யவும் மருந்து அலமாரியை எடுத்துச் செல்லவும் அதே அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. கனகேசுவரி வெள்ளைச் சேலையை உடுத்து, தாலிக்கொடியைப் பேழையிலிட்டு, கண்ணாடி முன் நின்று, பொட்டை அழிக்கக் கையை உயர்த்தினாள். கை நெற்றிவரை போயிற்று, மேலே போகவில்லை. முதல்முறை பிறர் அழித்தனர். இம்முறை தன் கையாலேயே அவரைக் கொல்ல வேண்டியிருந்தது. அப்போது, ஒரு மாதமாய்ச் சாத்தியிருந்த கதவு திறந்தது.

“பொறு” என்றாள் யோகம்மா. “இதை ஒருத்தி தனிய அழிக்கக்கூடாது.”

அவள் தன் முன்றானை நுனியை நனைத்து, மெல்ல, குழந்தையின் முகம் துடைப்பதுபோல் துடைத்தாள். வெளியே வண்டி வந்து நிற்கும் ஓசை கேட்டது. கனகேசுவரி பழக்கத்தால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அழு, கனகேசு” என்றாள் யோகம்மா. “அண்டைக்கு நான்தான் உன்ர வாயைப் பொத்தினன். அந்தப் பாவம் என்ர கையிலை கிடந்து எரியுது. இண்டைக்கு ஒருத்தரும் பொத்தமாட்டினம். வாய்விட்டு அழு.”

அதிகாரி படியேறியபோது, ஒன்றரை ஆண்டாய் அடைபட்டுக் கிடந்த அழுகை அவ்வீட்டிலிருந்து வெளிப்பட்டது. அது நடிப்பென்று திருநாவுக்கரசு முதலில் எண்ணினார். இரண்டு நொடியில் அவ்வெண்ணத்துக்காக வெட்கினார். யோகம்மா மார்பிலடித்துக்கொண்டு தம்பியின் பெயரைச் சொல்லி ஒப்பாரி தொடுத்தாள். குழாயடிப் பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தனர். மருத்துவர் முன்பே இறந்தவர் என்பதை அறிந்த அவர்கள், வெறும் நெற்றியையும் வாயிலில் நின்ற அதிகாரியையும் மாறிமாறிப் பார்த்து, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும், ஒரு வினாவும் எழுப்பாது, கூடியமர்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதனர். புறஞ்சொன்னவளே எல்லாரினும் உரக்க அழுதாள். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அலமாரியை மறந்து, சற்றுநேரம் வாயிலிலேயே நின்றார். திருநாவுக்கரசு ஏட்டைத் திறந்து ஆடி மாதத்து அந்த நாளை எழுதினார்.

போர் முடிந்தது, வந்தவர் போயினர், போனவர் திரும்பி வந்தனர். அவள் கையால் தாள் பெற்ற இருபத்து மூவரில் இருவர் பசியில் மாண்டனர். ஒருவன் தாளிருந்தும் பிடிபட்டுச் சயாமிலிருந்து மீளவில்லை. எஞ்சியோர் ஆண்டுதோறும் ஆடியில், பழனியப்பன் முன்னே வர, படகேறி டத்தோ கிராமாட்டுக்கு வந்து, வடிவம்மாள் அவித்த கிழங்கும் கிடைத்த பூவும் வைத்து, மருத்துவர் படத்தை வணங்கிப் போயினர். அவர்களுக்குத் தெரிந்த சாவுநாள் அரசேட்டில் உள்ள நாள்தான். உண்மையில் அவர் இறந்த மார்கழி நாளிலோ, இரண்டு கைம்பெண்களும் ஒரே அடுப்பில் சமைத்து, ஓசையின்றிப் படைத்தனர்.

ஒருவருக்கு இரண்டு இறந்த நாள் உண்டா என்று கற்றோர் கேட்கலாம். இவற்றுள் மெய்யானது எது, பொய்யானது எது என்று ஏடுகளைப் புரட்டியும் பார்க்கலாம். கனகேசுவரி இரண்டில் ஒன்றையும் விட்டுவிடவில்லை. மார்கழியில் அவள் நோன்பிருந்தாள்; ஆடியில் அழுதாள்.